ஆரணித் தறியும் செயற்கை மனமும்

உடலைப் பொறியாகச் செய்வது ஒரு கலை. நினைவைப் பொறிக்குள் வைப்பது வேறொரு கலை. முதலாவது மிகப் பழையது. மரமும் தோலும் கயிறும் சக்கரமும் கொண்டு நடக்கும் யானையையும் பறக்கும் மயிலையும் தமிழ்க் காப்பியங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்பனை செய்துவிட்டன. இரண்டாவதுக்குச் சுமார் முந்நூறு வயதுதான். செய்யவேண்டிய வேலையைக் கருவிக்கு வெளியே எழுதிவைத்து, கருவியே அதைப் படித்து நடக்கும்படி செய்யும் வழி பட்டுத் தறியில் பிறந்தது. உலோக உடலும் செய்யப்பட்ட மனமும் தனக்கு இருந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று இன்றைக்கு ஒருவர் எண்ணிப் பார்க்கும்போது அவர் கையாளும் கருத்துகளில் பாதி, நெசவாளர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமானவை.

திருவண்ணாமலைக்கு வடக்கே செய்யாற்றங்கரையில் கலசப்பாக்கம் இருக்கிறது. அங்கிருந்து போளூர் வழியாக ஆரணிக்குப் போகும் வட்டாரத்திலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவு வீட்டுத் தொழில். முன்கூடத்தில் ஒரு குழி. குழியின் விளிம்பில் நெசவாளர். தலைக்கு மேலே மரச் சட்டத்தில் ஏற்றிவைத்த ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து தொங்கும் துளையிட்ட அட்டைகளின் சங்கிலி. ஆரணி ஒரு காலத்தில் மெல்லிய பருத்தி மஸ்லினுக்குப் பெயர் பெற்ற ஊர். பட்டு அதன் அடையாளமானது பிற்பாடுதான். காஞ்சிபுரம் சேலையைவிட எடை குறைந்த, விலையும் குறைந்த சேலை என்று சந்தையில் தனக்கென ஓர் இடம் பிடித்து, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது ஆரணிப் பட்டு. ஆனால் அதன் கூரைக்கடியில் தொங்கும் அட்டைச் சங்கிலி எந்த வம்சத்தைச் சேர்ந்தது என்பது சேலை விற்கும் கடைகளில் பேசப்படுவதில்லை. கணிப்பொறியின் வரலாற்றை எழுதுபவர்கள் பிரான்சின் லியோன் நகரத்துத் தறியைத் தவறாமல் சொல்கிறார்கள். அதே பொறி இன்றும் வேலை செய்துகொண்டிருக்கும் ஆரணியை அவர்கள் எட்டிப்பார்ப்பதில்லை. இது பெரிய குறை.

பழைய கற்பனைகளில் பொறிக்கு உடல் இருந்தது, மனம் இல்லை. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க உஞ்சை அரசன் பிரச்சோதனன் ஒரு பொய் யானையைச் செய்து அனுப்புகிறான். யானையின் வயிற்றுக்குள் படைவீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். யாழிசைத்து யானைகளை வசப்படுத்தும் உதயணன் நெருங்கியதும் அவர்கள் வெளியே வருகிறார்கள். யானை நடந்ததற்கும் ஏமாற்றியதற்கும் காரணமான அறிவு உள்ளே இருந்த மனிதர்களுடையது. சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலில் பொருத்தியிருந்த பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. தானே அம்பு எய்யும் வில்லும் குரங்கின் வடிவில் அமைந்து பகைவரைப் பற்றும் கருவியும் அவற்றில் உண்டு.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி இன்னும் நுட்பமானது. சச்சந்தன் தன் அரசி விசயைக்காக அதைச் செய்விக்கிறான். பொறியை வலப்பக்கம் திருப்பினால் மயில் மேகத்தைக் கிழித்து ஏறும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கிக் கால் குவித்து நிற்கும். அமைச்சன் கட்டியங்காரன் அரசைக் கவர்ந்தபோது கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் அவள் மயங்கிவிட, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். பொறியின் இயல்பைப் புலவர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்கிறார் என்பது இந்த இடத்தில் தெரிகிறது. ஓட்டுபவளின் உணர்வு போனதும் மயிலுக்குப் போகவேண்டிய இடம் தெரியவில்லை. வழியை நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு எதுவுமில்லை. சமணக் காப்பியமான சிந்தாமணிக்கும் இந்த வட்டாரத்துக்கும் பண்பாட்டு உறவு உண்டு. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் சோழ இளவரசி குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள் இன்றும் ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள்.

வடமொழியில் 11ஆம் நூற்றாண்டில் போஜன் பெயரால் எழுந்த சமராங்கண சூத்திரதாரம் பொறிகளுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. ஆடும் மரப்பாவை, வாயில் காக்கும் மரவீரன் எனப் பலவற்றை விவரித்துவிட்டு, செய்முறையை முழுதாக வெளியிடாததற்குக் காரணம் மறைபொருள் காப்பதே என்றும் அது சொல்லிவிடுகிறது. அந்த நூலிலும் பாவையின் அசைவு அதன் உறுப்புகளின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. வேறோர் ஆட்டம் ஆடவேண்டுமானால் வேறொரு பாவை செய்யவேண்டும்.

தறியின் நிலை அப்படியில்லை. ஒரே தறியில் இன்றைக்கு மாங்காய்க் கரை, அடுத்த பாவில் அன்னம், அதற்கடுத்து ருத்ராட்சம் என்று மாற்றி மாற்றி நெய்தாகவேண்டும். ஆகவே உடலிலிருந்து நினைவைத் தனியே பிரிக்கவேண்டிய தேவை மற்ற எந்தக் கருவியையும்விட முன்னதாகத் தறிக்கு வந்தது.

சாதாரணக் குழித்தறியில் நெசவாளரின் உடல் தறியின் ஓர் உறுப்பாகவே இயங்குகிறது. கால் மிதிகட்டையை அழுத்தினால் விழுதுகள் ஏறி இறங்கி, பாவிழைகளில் பாதி மேலே போகும், பாதி கீழே நிற்கும். இடையில் திறந்த வழியாக ஊடை சுற்றிய நாடாவைக் கை செலுத்தும். மறு கை அச்சை இழுத்து ஊடையை நெருக்கும். வெறும் உடல் நெய்ய இவ்வளவு போதும். ஆனால் கரையிலும் முந்தியிலும் உருவம் வேண்டுமென்றால், ஒவ்வோர் ஊடைக்கும் எந்தெந்தப் பாவிழை எழவேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதை யாராவது, அல்லது எதுவாவது, நினைவில் வைத்திருக்கவேண்டும்.

காஞ்சிபுரத்திலும் ஆரணிப் பக்கத்திலும் அந்த நினைவு நூலிலேயே கட்டிவைக்கப்பட்டது. அதற்கு அடை என்று பெயர். எழவேண்டிய இழைகளை வரிசை வரிசையாகக் கயிறுகளில் கோத்து முடிந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கொத்து அமைத்திருப்பார்கள். தறியருகே ஒருவர் உட்கார்ந்து முறை பிசகாமல் அந்தந்தக் கொத்தை இழுக்க, நெசவாளர் நாடாவை விடுவார். இழுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. உடலுக்கும் கரைக்கும் நிறம் வேறாக இருக்கும் கோர்வைச் சேலைக்கு மறுபுற நாடாவைத் தள்ளவும் இன்னொரு கை வேண்டும். அதுவும் பிள்ளையின் கைதான். பூவின் உருவம் அடைகட்டுபவரின் தலையில் பிறந்து, கயிற்றில் தங்கி, பிள்ளையின் கை வழியாகத் துணிக்கு இறங்கியது. இழுத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல் போன கதையையும் இந்தத் தொழிலின் வரலாறு மறைக்கமுடியாது. குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க எடுத்த முயற்சிகளில் பட்டுத் தறி முக்கியமான களமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளிலும் அச்சாக இதே ஏற்பாடு இருந்தது. அங்கே கயிறு இழுத்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகளும் பெண்களும். நாள் முழுதும் பளுவான கயிறுகளை இழுத்து உடல் சிதைந்தார்கள். இழுப்பவர் வரிசையைத் தவறவிட்டால் துணி கெடும். 1725இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு எந்தக் கயிற்றை இழுப்பது என்று காட்டும் வழியைக் கண்டார். அவர் ஆர்கன் இசைக்கருவி செய்பவர் ஒருவரின் மகன் என்பது கவனிக்கத்தக்கது. இசைக்கருவியின் உருளையில் முளைகளைப் பதிப்பதற்கு முன் அவற்றின் இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம். மூன்று ஆண்டுகள் கழித்து ழான் பப்டீஸ்த் ஃபால்கோன் காகிதச் சுருளுக்குப் பதிலாகத் தனித்தனி அட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சங்கிலியாக்கினார். கிழிந்தால் ஓர் அட்டையை மட்டும் மாற்றலாம். உருவம் நீண்டால் சங்கிலியை நீட்டலாம்.

இந்தக் கதையில் அடுத்து வருபவர் ழாக் தெ வோகான்சோன். பொறி உடலின் வரலாறும் பொறி நினைவின் வரலாறும் ஒரே மனிதரிடம் சந்தித்தது இவரிடம்தான். 1738இல் பாரிசில் அவர் காட்சிக்கு வைத்த புல்லாங்குழல் வாசிப்பவன் ஆளுயர மரப்பாவை. துருத்திகளிலிருந்து காற்று அதன் வாய்க்கு வரும், உதடுகள் குவியும், விரல்கள் துளைகளை மூடித் திறக்கும். மனிதர் வாசிக்கும் குழலையே அது உண்மையாக வாசித்தது. அடுத்து வந்த செப்பு வாத்து சிறகடித்தது, நீர் குடித்தது, தானியம் தின்றது, செரித்துக் கழிப்பதுபோலவும் காட்டியது. தின்ற தானியத்துக்கும் வெளிவந்த கழிவுக்கும் தொடர்பில்லை, கழிவு முன்கூட்டியே வேறோர் அறையில் வைக்கப்பட்டது என்பது பின்னால் வெளிப்பட்டது. குழல் வாசிப்பவனின் சாதனையோ எந்த மறைப்பும் இல்லாதது. அதன் அடியில் முளைகள் பதித்த ஓர் உருளை சுழன்று காற்றையும் விரலையும் ஆண்டது. ஆனால் உருளை ஒரு சுற்று சுற்றியதும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதன் நினைவுக்கு எல்லை அதன் சுற்றளவு.

1741இல் பிரெஞ்சு அரசு வோகான்சோனைப் பட்டுத் தொழிலின் கண்காணிப்பாளராக நியமித்தது. அவர் கொண்டுவந்த விதிமுறைகளை எதிர்த்து 1744இல் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடவேண்டியிருந்தது. மறு ஆண்டே, கயிறு இழுக்கும் ஆளே வேண்டாத தறி ஒன்றை அவர் செய்துகாட்டினார். கொக்கிகளைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பைத் தறியின் தலைக்கு மேல் வைத்தது அவருடைய முக்கியமான புதுமை. ஆனாலும் அங்கேயும் அவர் தமக்குப் பழகிய உருளையையே வைத்தார். தறி பரவவில்லை, கூடத்தில் தூசி படிந்து கிடந்தது.

1752இல் லியோனில் பிறந்த ழோசப் மரி ஜக்கார்டு, பாரிசிலிருந்த அரசுக் கருவிக் காட்சியகத்தில் வோகான்சோனின் அந்தத் தறியைக் கண்டார். மேலே அமைந்த வோகான்சோனின் கொக்கிகளையும் ஃபால்கோனின் அட்டைச் சங்கிலியையும் அவர் ஒன்றாக்கினார். 1804இல் உருவான பொறி அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. நெப்போலியன் அரசு அதைப் பொதுச் சொத்தாக்கி, ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும் தறிக்கு 50 பிராங்க் உரிமைத்தொகையும் தந்தது. 1812க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. லியோன் நெசவாளர்கள் 1831இலும் 1834இலும் கூலிக்காக எழுச்சி செய்தார்கள். நினைவைப் பொறிக்குக் கொடுத்த பிறகு நெசவாளரின் கூலியை எது தீர்மானிக்கும் என்ற கேள்வி அந்தத் தெருக்களில் எழுந்தது.

ஆரணி வீடு ஒன்றில் ஓடும் ஜக்கார்டின் உட்புறத்தைப் பார்த்தால், செயற்கை மனம் ஒன்றின் மிக எளிய வடிவம் எப்படி இயங்குகிறது என்பது கண்ணுக்கு முன்னால் விளங்கும். பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் கொக்கிகள். ஒவ்வொன்றையும் தன் வளையத்தால் பற்றிக் குறுக்கே செல்லும் ஓர் ஊசி. பெட்டியின் பக்கத்தில் நாற்புறம் உள்ள ஒரு மரக்கட்டை. அட்டைச் சங்கிலி அதன்மேல் படிந்து, மிதியை அழுத்தும்போதெல்லாம் ஓர் அட்டை ஊசிகளின் நுனியில் வந்து மோதும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி அசையாது நின்று, தூக்கும் கத்தியில் மாட்டிக்கொண்டு மேலேறும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ள, கொக்கி கத்தியிலிருந்து விலகிக் கீழேயே நின்றுவிடும். ஏறிய கொக்கிகளோடு கட்டிய நூல்கள் பாவிழைகளைத் தூக்கும். நூலின் அடியில் தொங்கும் எடைகள் பிறகு அவற்றைக் கீழிறக்கும். துளை என்றால் எழு, வெற்றிடம் என்றால் இரு. இந்த இரண்டு சொற்களுக்கு மேல் தறிக்கு மொழியே கிடையாது.

தமிழ்நாட்டுக் கைத்தறியில் 120 கொக்கி, 240 கொக்கிப் பெட்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. 240 கொக்கிப் பெட்டியில் 300 அட்டை கொண்ட ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டால், 72,000 இடங்களில் துளை உண்டா இல்லையா என்ற முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. கணிப்பொறிக் கணக்கில் இது 9,000 பைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றோடு ஒப்பிட இது மிகச் சிறிது; ஆனால் ஒவ்வொரு துளையும் ஒருவர் கட்டம்போட்ட தாளில் உருவம் வரைந்து, இழை இழையாக எண்ணி, கையால் அடித்தது. ஒரு துளை மாறினால் மாங்காயின் வளைவில் ஒரு பல் விழும். மயில் கழுத்தில் பிசிறு தெரிந்தால் எந்த அட்டையில் எந்த வரிசை தவறியது என்று தேடித் திருத்துவார்கள். கணிப்பொறி நிரல் எழுதுபவரின் வேலை இதிலிருந்து இயல்பில் வேறானதல்ல.

அட்டை பூவை அறியாது. தறிக்குள் ஓர் உணர்வு குடியிருப்பதாகக் கற்பனை செய்தால், அதற்கு ஒரு நேரத்தில் தெரிவது 240 ஊசிகளில் எவை தள்ளப்பட்டன என்பது மட்டுமே. முந்தைய அட்டை போய்விட்டது. அடுத்தது இன்னும் வரவில்லை. துணியில் பூ விரிவதைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. துணி படமரத்தில் சுருண்டு போய்க்கொண்டே இருக்கிறது. பூ இருக்கும் இடங்கள் மூன்று: வரைந்தவரின் மனம், அட்டைகளின் வரிசை, சேலையைப் பார்ப்பவரின் கண். தறி இவற்றுக்கிடையே ஓடும் பாதை. பொறிக்கு மனம் உண்டா என்ற வாதத்தில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் மறுப்புகள் பெரும்பாலும் இந்த ஒரு நிலையின் மறுவடிவங்களே.

அந்த மறுப்பை முதலில் தெளிவாக எழுதியவர் ஏடா லவ்லேஸ். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830களில் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறி எந்தக் கணக்கையும் செய்யக்கூடிய கருவி. தொடக்கத்தில் அதன் செயல்வரிசையை அவர் வோகான்சோனைப்போலவே உருளைகளில் வைக்க எண்ணினார். 1836 ஜூன் 30 தேதியிட்ட குறிப்பில் உருளைக்குப் பதிலாக ஜக்கார்டின் அட்டையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பதிவாகியிருக்கிறது. கருவியின் அளவு எதுவானாலும் அட்டைச் சங்கிலி எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். வரம்புள்ள உடலுக்கு வரம்பில்லாத செயல்வரிசை கிடைத்தது அந்த நாளில்தான். ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று 1839இல் லியோனில் பட்டிலேயே நெய்யப்பட்டது. அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டியிருந்தார். ஓவியம் என்றே எண்ணியவர்களுக்கு அது துணி என்று எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

பகுப்பாய்வுப் பொறி கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் 1843இல் லவ்லேஸ் அதுபற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீண்ட குறிப்புகளைச் சேர்த்தார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதைப்போல் இந்தப் பொறி இயற்கணித உருவங்களை நெய்கிறது என்பது அவர் கண்ட ஒப்புமை. ஒலிகளுக்கிடையே உள்ள உறவுகளை விதிகளாக எழுதித் தந்தால் அது இசையும் அமைக்கலாம் என்றார். அதே குறிப்புகளில், பொறி தானாக எதையும் தோற்றுவிப்பதாக உரிமை கொண்டாடாது, செய்யச் சொல்ல நமக்குத் தெரிந்ததையே செய்யும் என்றும் எழுதினார். 107 ஆண்டுகள் கழித்து, 1950இல், பொறிகள் சிந்திக்குமா என்று கேட்ட ஆலன் டூரிங், லவ்லேஸின் இந்த வாதத்தைப் பெயர்சொல்லி எடுத்துக்கொண்டு பதில் தந்தார். முழுமையான அறிவை எழுதித் தருவதைவிடக் குழந்தையின் மனம் போன்ற ஒன்றைச் செய்து அதற்குக் கற்பிக்கலாம் என்பது அவருடைய யோசனை.

அட்டை வேறு வழியிலும் பயணம் செய்தது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைப் பொறிகளால் எண்ணினார்; அவருடைய நிறுவனத்திலிருந்து வளர்ந்ததே ஐபிஎம். சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370 கணிப்பொறிக்கு மாணவர்கள் நிரல்களைத் துளையட்டைக் கட்டுகளாகவே கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இரண்டு வகைத் துளையட்டைகள் ஒரே காலத்தில் புழங்கின. ஒன்று சென்னையில் சமன்பாட்டுக்கு, மற்றொன்று ஆரணியிலும் காஞ்சியிலும் கரைக்கும் முந்திக்கும். நிலவுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்பல்லோ கலத்தின் கணிப்பொறிக்கு நிலையான நினைவகம் உண்மையாகவே கையால் நெய்யப்பட்டது. அமெரிக்காவின் வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் ஊசியில் கோத்த செப்புக் கம்பியைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களுக்குள்ளே செலுத்தினால் ஒன்று, வளையத்துக்கு வெளியே கொண்டுபோனால் பூஜ்யம். சுமார் 36,000 சொற்களின் நினைவு அப்படி இழைக்கப்பட்டது.

மனிதர் தம் உடலையே பொறியாக எண்ணிப் பார்த்ததும் வோகான்சோனின் காலத்தில் நடந்தது. லா மெத்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1747இல் வெளியிட்ட நூல் மனிதனை ஒரு பொறி என்றே வரையறுத்தது. குழல் வாசிப்பவனுக்கு வாத்தைவிட அதிகத் திறன் வேண்டியிருந்தது என்றால், பேசுபவனைச் செய்ய இன்னும் கொஞ்சம் திறன் வேண்டியிருக்கும், அவ்வளவே என்பது அவர் வாதம். வோகான்சோனின் பெயரையே அவர் சான்றாகக் காட்டினார். 1920இல் காரெல் சாபெக் எழுதிய ஆர்.யு.ஆர். நாடகத்திலிருந்துதான் ரோபோ என்ற பெயர் உலகுக்குக் கிடைத்தது. அந்த நாடகத்தின் தொழிற்சாலையில் ரோபோக்களின் நரம்புகளும் நாளங்களும் நூற்பு ஆலையில் நூற்கப்படுகின்றன. சாபெக்கின் தந்தை உபிச்சே என்ற நெசவாலை நகரத்தில் மருத்துவர். ஆலைத் தொழிலாளர்களின் நடுவே மகன் வளர்ந்தார். செயற்கை மனிதனின் நரம்புக்கு நூல் என்ற எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

இன்றைய செயற்கை மனம் ஒரு முக்கியமான இடத்தில் தறியிலிருந்து பிரிகிறது. 1943இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுவை ஏற்பது, மறுப்பது என்ற இரண்டே நிலைகள் கொண்ட எளிய அலகாகக் கணிதத்தில் எழுதிக்காட்டினார்கள். இதுவரை துளையும் வெற்றிடமும்தான். 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் அறிவித்த பெர்செப்ட்ரான் ஒரு படி மேலே போனது. அதன் பொறிக்கு 400 ஒளி உணரிகள் கண்ணாக இருந்தன. உணரிகளிலிருந்து வரும் ஒவ்வொரு சைகைக்கும் எவ்வளவு மதிப்புத் தருவது என்பதைத் திருகுகள் குறித்தன. விடை தவறும்போதெல்லாம் சிறு மின்மோட்டார்கள் அந்தத் திருகுகளைக் கொஞ்சம் திருப்பின. யாரும் துளை அடிக்கவில்லை. தவறுகளே துளைகளை அடித்தன. இன்றைய மொழி மாதிரிகளில் அத்தகைய திருகுகளின் எண்ணிக்கை நூறு கோடிக் கணக்கில் போகிறது. ஆனாலும் ஒரு பழைய நிலை அப்படியே நீடிக்கிறது: எந்த ஒரு திருகிலும் பூ இல்லை. தன் உள்ளே என்ன நடக்கிறது என்று அத்தகைய பொறி சொல்லும் விளக்கமும் அதே திருகுகள் வழியாக வரும் மற்றொரு நெசவுதான்; உள்ளே எட்டிப்பார்த்து எழுதிய அறிக்கை என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. மனிதர் தம் மனத்தைப் பற்றித் தரும் விளக்கத்துக்கும் இந்த ஐயம் எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் தீராத கேள்வி.

உடலின் கதை வேறு திசையில் போயிருக்கிறது. அறிவுத்திறன் தேர்வும் செக்கர்ஸ் ஆட்டமும் பொறிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்த்தலும் நகர்தலும் கடினம் என்று 1988இல் ஹான்ஸ் மொராவெக் எழுதினார். தறியைப் பார்த்தால் இது புதிய செய்தியாகத் தோன்றாது. கயிறு இழுத்தவரின் வேலையைப் பொறி 1804இலேயே எடுத்துக்கொண்டது. நெசவாளரின் விரல் வேலையில் பெரும்பகுதியை இன்னும் எடுக்கவில்லை. பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரல்நுனியில் முறுக்கிப் பிணைக்கவேண்டும். பல வீடுகளில் பெண்களின் கை இதில் தேர்ந்தது. நெய்யும்போது ஓர் இழை அறுந்தால், கண் காணும் முன்பே கால் மிதியிலும் நாடாவின் ஓசையிலும் வேறுபாட்டை உணர்ந்து நிறுத்துகிறார்கள். மழைக்காலத்தில் குழியின் ஈரம் பட்டின் விறைப்பை மாற்றும். அதற்கேற்பப் பாவின் இழுப்பை மாற்றுகிறார்கள். கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வும் இடம் சற்றுத் தளர்ந்தாலும் சேலை அங்கே பிரியும்; எவ்வளவு இறுக்கவேண்டும் என்பது எந்த அட்டையிலும் இல்லை. துணி, நூல் போன்ற வளையும் பொருள்களைக் கையாள்வது இயந்திர மனிதர் ஆய்வில் இன்றும் கடினமான சிக்கல்களில் ஒன்று. நெசவுத் தொழிலில் மதிப்புமிக்க அறிவு உருவத்தை வரைவதில் மட்டும் இருப்பதாகக் கணக்கிட்டுக் கூலி நிர்ணயிப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஜக்கார்டு தமிழ்நாட்டுப் பட்டுத் தறிகளில் 20ஆம் நூற்றாண்டில் பரவி அடையைப் பெரும்பாலும் ஓரங்கட்டியது. அட்டைகளுக்கு அடுத்து இப்போது மின்னணு ஜக்கார்டு வந்துகொண்டிருக்கிறது. உருவத்தைக் கணினித் திரையில் வரைந்து கோப்பாகப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால், ஊசியும் அட்டையும் செய்த தேர்வை மின்காந்தங்கள் செய்கின்றன. புதிய உருவத்துக்கு நாள்கணக்கில் அட்டை அடிக்கும் செலவு இல்லை. முந்தி முழுவதும் திரும்ப வராத ஓர் ஓவியத்தையும் நெய்யலாம். பெட்டியின் விலையும் பழுதானால் பார்க்கும் ஆளும் சிறு நெசவாளருக்குத் தடைகளாக இருப்பதால், அரசின் மானியத் திட்டங்கள் வழியாகவும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் இது மெல்ல நகர்கிறது.

கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் எல்லை போட்டது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று முதலில் 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன. பிறகு அது 11 ஆகக் குறைந்தது. சேலை இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விசையால் ஓடுவது விசைத்தறி, மற்றதெல்லாம் கைத்தறி என்பதே சட்டத்தின் வரையறை. தறியை ஓட்டும் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டுமே அது கேட்கிறது. தறியின் நினைவு கயிற்றிலா அட்டையிலா மின்னணுச் சில்லிலா என்பது அதன் கணக்கில் வரவில்லை. ஜக்கார்டு பெட்டியின் பளுவைக் காலால் தூக்கித் தூக்கி முழங்காலும் இடுப்பும் தேயும் நெசவாளர்களுக்காக, தூக்கும் வேலையை மட்டும் சிறு மோட்டாரிடம் கொடுக்கும் அமைப்புகளும் வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட தறியில் நாடா விடுவதும் அச்சடிப்பதும் இழை பிணைப்பதும் கையாலேயே நடக்கும். அதைக் கைத்தறி என்று ஏற்பதா என்ற விவாதம் நெசவாளர்களிடையேயும் அதிகாரிகளிடையேயும் இப்போதும் நடக்கிறது.